அமாவாசையில் விழுந்த வாக்குப்பதிவு

இப்போதெல்லாம் தேர்தல் நாளில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. போன தேர்தலன்று என் மருமகன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "மாமா, உங்க ஏரியா ரொம்ப டல்" என்றார். அந்த ஏரியாவின் டல்லையும் விறுவிறுப்பையும் வருடக்கணக்காக வெயிலில் அலைந்து எழுதிக் கொடுத்தவன் நான். வந்த கோபத்தில் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் காவல்துறையில் தனிப்பிரிவு ஏட்டாக இருந்தவன். பெயர் ஏகாம்பரம், ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கம். தனிப்பிரிவுக்காரன் சீருடை போடாமல் ஊருக்குள் சுற்ற வேண்டும். எந்தக் கட்சிக்கு எங்கே செல்வாக்கு, எங்கே கூட்டம், எங்கே மறியல் என்று தெரிந்துகொண்டு தினமும் மாலை நான்கு மணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். நான் யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. நான் டீக்கடைக்குள் நுழைந்ததும், "சி.ஐ.டி. ஏட்டு வந்துட்டார்பா, அவருக்கு சக்கர கம்மி" என்று மாஸ்டருக்குக் குரல் போகும் என்பது நடைமுறை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், சாப்பிட்டோம், மறுபடி ஓடினோம்.

திருடனுக்கு நான் பயந்ததில்லை. எனக்கு ஒரே பயம், மாற்றல். வேலையில் சேர்ந்து சில வருடங்களில் என்னை ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, என் சின்ன மகள் செல்வி கதவுத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ போலீஸ்காரர் வந்துக்கிறார்" என்று கத்தினாள். அவளுக்கு அப்போது மூன்று வயது. அன்றைக்கு நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே தங்கிவிட்டது.

எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மிகவும் சோதித்தது பாலாற்று நகர். ஓரிக்கை போகும் வழியில், வயலாக இருந்த இடத்தில் மனை போட்டு விற்ற குடியிருப்பு. ஐந்தே தெரு. பெரிய காஞ்சிபுரத்தில் பாகப்பிரிவினை ஆகி, இடம் போதாமல் தறியோடு வந்து சேர்ந்த நெசவாளர்கள் முக்கால்வாசி. அவர்களில் பெரும்பாலான வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். மீதிக் கால்வாசிப் பேர் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்களும், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களும். அங்கே ஓட்டுப்பதிவு எந்தத் தேர்தலிலும் பாதியைத் தாண்டியதில்லை. குடிவந்து பத்து வருடம் ஆனாலும் பலர் வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றியிருக்க மாட்டார்கள். ஒரு குமாஸ்தா என்னிடம் நேராகவே சொன்னார்: "ஓட்டு டவுன்ல பழைய தெருவுல இருக்குது ஏட்டய்யா. இங்க எனக்கு அபிப்பிராயம் மட்டுந்தான்."

எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். எந்த வேட்பாளர் வந்தாலும் ஆரத்தி எடுப்பார்கள். தட்டு ஒன்றுதான், கற்பூரம் மட்டும் புதிது. "எங்க ஓட்டு உங்களுக்குத்தான்ணா" என்று மூன்று கட்சிக்காரர்களிடமும் ஒரே முகத்தோடு சொல்வார்கள். ஒருவர் வீட்டில் வடக்குச் சுவரில் ஒரு கட்சி, கிழக்குச் சுவரில் இன்னொரு கட்சி, மோட்டார் ரூம் சுவரில் மூன்றாவது கட்சி. "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "சுண்ணாம்பு அட்ச்சித் தர்றவங்களுக்கு செவுரு. ஓட்டு வேறபா" என்றார். இதையெல்லாம் சேர்த்து, "பகுதி மக்கள் அனைத்துக் கட்சிகளுக்கும் ஆதரவாக இருப்பதாகத் தெரிகிறது" என்று அறிக்கை எழுதினேன்.

அதைப் படித்தவர் ஆய்வாளர் ஞானமுத்து ஐயா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனிதர். அவர் திட்டினால் அது திட்டு என்று தெரியவே நமக்கு இரண்டு நாள் ஆகும். மேஜையில் எப்போதும் கூர் சீவிய சிவப்புப் பென்சில் ஒன்று இருக்கும். அறிக்கையில் "தெரிகிறது" என்ற சொல் வந்தால் அதன்மேல் கோடு போட்டு, "யாருக்கு?" என்று பக்கத்தில் எழுதுவார். "கூறப்படுகிறது" என்று வந்தால், "கூறியவர் வீட்டு முகவரி?" என்று எழுதுவார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "ஆதாரம்?" அந்த வார்த்தைக்குப் பயப்படாத தனிப்பிரிவுக்காரன் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

அந்த ஆதாரம் எனக்கு ஒரு தேர்தலன்று தற்செயலாகக் கிடைத்தது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோத்து நெய்யும் பட்டுச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலும் கணவன் மனைவி. ஒருவர் எழுந்து போனால் மற்றவர் சும்மா உட்கார வேண்டியதுதான். ஓட்டுப்போடப் போனால் தறி நிற்கும், திரும்பி வந்தால் ஓடும். ஆகவே வாக்குச்சாவடிக்குப் போய் எட்டிப் பார்க்காமலே, ஐந்து தெருவையும் ஒரு சுற்று நடந்து, சத்தம் நின்ற தறிகளை எண்ணினால் போதும். அன்று அப்படி எண்ணி மூன்று முறை தகவல் கொடுத்தேன். மூன்றும் அப்படியே சரியாக இருந்தன.

"ஆதாரம்?" என்றார் ஐயா.

"தறிச் சத்தம் ஐயா."

சிவப்புப் பென்சில் அந்தரத்தில் நின்றது. விளக்கிச் சொன்னேன். பதினெட்டு வருட சர்வீசில் நான் பார்த்திராத ஒன்று நடந்தது. அவர் புன்னகைத்தார். "தறி ஒலி முறை" என்று அதற்கு அவரே பெயர் வைத்து, கோப்பில் தனித்தாள் போட்டு, டி.எஸ்.பி. வரைக்கும் அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் போய்ச் சொன்னேன். "தறி நின்னா ஓட்டுப்போடப் போனாங்கன்னு அர்த்தமா? டீ குடிக்கப் போவ மாட்டாங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. பெண்களுக்கு உளவு நுட்பம் புரியாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தேர்தல் வந்தது. அப்போது செல்வி பதினொன்றாம் வகுப்பு முடித்து, பன்னிரண்டுக்குப் போகக் காத்திருந்தாள். அந்த ஒரு வருடம் மட்டும் அவள் பக்கத்தில் இருந்துவிட வேண்டும் என்று ஏகாம்பரநாதரிடமே மனுக் கொடுத்திருந்தேன்.

வாக்குப்பதிவன்று காலை எட்டு மணிக்கு, ஞானமுத்து ஐயா டி.எஸ்.பி.யையே ஜீப்பில் அழைத்துக்கொண்டு பாலாற்று நகருக்கு வந்துவிட்டார். தறி ஒலி முறையை நேரில் காட்டத்தான். ஐந்து தெருவும் நடந்தோம். ஒரு தறிகூட ஓடவில்லை. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஐயாவின் முகம் மலர்ந்தது. "கேளுங்க சார். மொத்த ஜனமும் பூத்துல நிக்குது" என்றார். டி.எஸ்.பி. அங்கேயே வயர்லெஸ்ஸை எடுத்து, பாலாற்று நகரில் இதுவரை இல்லாத விறுவிறுப்பான வாக்குப்பதிவு என்று மேலே தகவல் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனார்.

அவர் ஜீப் திரும்பியதும்தான் நான் மதில்களைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு காக்கை. ஒவ்வொரு மதிலிலும் தண்ணீர் தெளித்து இலைத்துண்டு போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து வாழைக்காய் வதக்கும் மணம்.  அன்றைக்கு அமாவாசை. அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் எவன் தறியில் உட்காருவான்? இந்தப் பக்கத்திலேயே பிறந்து, இந்தத் தறிச் சத்தத்திலேயே வளர்ந்து, தேர்தல் பந்தோபஸ்து அலைச்சலில் நாள் கிழமையையே மறந்திருந்தேன்.

வாக்குச்சாவடிக்குப் போய்ப் பார்த்தோம். வாசலில் இரண்டு காவலர்கள், உள்ளே கொட்டாவி விடும் அலுவலர்கள், மூன்று கட்சி ஏஜெண்டுகள். அவர்களில் ஒருவர் மேஜையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு நாய் படுத்திருந்தது.

ஞானமுத்து ஐயா கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார். "ஏகாம்பரம், டி.எஸ்.பி. வாயால மேல சொன்னத இனிமே மாத்த முடியாது. சாயந்திரம் ஆறு மணிக்குள்ள அது உண்மையாகணும். இல்லன்னா நான் மேல எழுத வேண்டி வரும்" என்றார். பிறகு அதே மெல்லிய குரலில், "ராமேஸ்வரத்துல அமாவாச ரொம்ப விசேஷமாம்" என்றார்.

நடந்ததை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அன்று எழுதிக் கொடுத்ததை நடக்க வைக்க வேண்டியதாயிற்று. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் என்னைக் கண்டதும் பரபரவென்று சுவரிலிருந்த ஒரு தலைவர் காலண்டரைக் கழற்றினார்கள். இரண்டாவது வீட்டில் அதே காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். "எனக்கு எந்தக் கட்சியும் வேணாம்மா, வந்து ஓட்டு மட்டும் போடுங்க" என்று கெஞ்சினேன். தமிழ் பேசும் வீடுகளில் மரியாதையாகப் பதில் வந்தது: "படையல் போட்டு, காக்காக்கு வெச்சிட்டு வர்றோம் ஏட்டய்யா." படையல் முடிந்தது. வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்தது. பிறகு மொத்தத் தெருவும் கால் நீட்டிப் படுத்துவிட்டது. உசுப்பி உசுப்பி எழுப்பினேன்.

தெலுங்கு பேசும் மூன்று தெருவில் கதை வேறு. அங்கே அமாவாசையன்று எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "ஆதிலட்சுமம்மா இன்னா சொல்றாங்களோ அத்தான்." ஆதிலட்சுமம்மா அறுபத்தைந்து வயது அம்மாள். இன்னமும் தறியில் உட்காருகிறவர். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவதென்றால் அந்த மூன்று தெருவிலும் அவரிடம் நாள் கேட்காமல் ஏற்ற மாட்டார்கள். அவருடைய மகன் முரளிதான் ஆளுங்கட்சியின் பூத் ஏஜெண்டு. காலையில் மேஜையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். மகனுக்கே வராத அம்மாள் எனக்கா வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டினேன்.

"ஏமப்பா ஏட்டு, இன்னிக்கி போயி கூப்புட்றியே. அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஆட்சி. அத்த அமாவாசைல ஆரம்பிச்சா வெளங்குமா?" என்றார்.

மணி ஒன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. திரைக்குப் பின்னால் ஒளிந்த மூன்று வயது செல்வி கண்முன் வந்து நின்றாள். அந்தத் தவிப்பில் என் வாய் தானாகவே பேசியது. "அம்மா, ஓட்டுப் போட்றது ஆரம்பிக்கிற காரியம் இல்லீங்க. ஒருத்தர வீட்டுக்கு அனுப்பற காரியம். அதுக்கு அமாவாசதாம்மா பொருத்தம்."

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வந்து, எதிர்வீட்டைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். எதிர்வீடு சிரித்தது. அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போயிற்று. இரண்டரை மணிக்கு மூன்று தெருவும் அமாவாசைக் குளியல் ஈரத் தலையோடு வாக்குச்சாவடியில் நின்றது. வரிசை பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. நாய் எழுந்து வேறு இடம் தேடிப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் கும்பிட வேண்டும் போல இருந்தது.

நான்கு மணிக்கு எதிர்க்கட்சி ஏஜெண்டு ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னா வார்த்த சொன்னீங்க ஏட்டய்யா! ஒருத்தர வீட்டுக்கு அனுப்பற காரியம்! நாங்க ஒரு மாசம் தொண்ட கிழிய கத்தனது உங்க ஒரு வார்த்தைக்கு ஈடாவுமா?" என்றார். அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. ஆட்சியில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று, அரசு ஊழியன், அதுவும் போலீஸ்காரன், அதுவும் ஓட்டுப்பதிவு நாளில்.

ஐந்து மணிக்குள் முரளி மனு எழுதிவிட்டார். டி.எஸ்.பி.க்கு ஒன்று, எங்கள் ஐயாவுக்கு ஒன்று. "தனிப்பிரிவு ஏட்டு எதிர்க்கட்சிக்கு ஆதரவாக வீடு வீடாகப் பிரச்சாரம் செய்து, என் தாயாரையே மனம் மாற்றிவிட்டார்" என்று இருந்தது. காலையில் ஓட்டு விழாததற்கு ராமேஸ்வரம். மாலையில் ஓட்டு விழுந்ததற்கும் ராமேஸ்வரம். அதைத் தாண்டினால் கடல்தான்.

ஞானமுத்து ஐயா மனுவை இரண்டு முறை படித்தார். "சொன்னீரா?" என்றார். முதல்முறையாக எனக்கு மரியாதை கூடியதைக் கவனித்தேன். அது நல்ல அறிகுறி இல்லை.

"சொன்னேங்க ஐயா. ஆனா யாரையும் மனசுல வெச்சி சொல்லல."

"ஆதாரம்?"

என்னிடம் இல்லை. மனசில் இருந்ததற்கு எவன் ஆதாரம் வைத்திருப்பான்? அவர் எழுந்து, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நேராக ஆதிலட்சுமம்மா வீட்டுக்கே வந்தார். முரளி வாசலில் கைகட்டி நின்றார். நான் மதிலோரம் நின்றேன். ஐயா அம்மாளிடம் கேட்டார்: "ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பறதுன்னு ஏட்டு சொன்னாரே, அந்த ஒருத்தர் யாரும்மா?"

"பேர் ஒண்ணும் சொல்லல சார். நிக்கிறவங்க மூணு பேரு. ஜெயிக்கிறவன் ஒருத்தன். மீதி பேரு வீட்டுக்குத்தான போவணும்? யாரு போவணும்னு நாங்கதான முடிவு பண்ணணும்? அத்த ஏட்டு எங்களுக்கே உட்டுட்டாரு."

"அம்மா, நீ யாருக்குத்தான் போட்ட?" என்றார் முரளி, தாங்க முடியாமல்.

"அத்த நீ கேக்கக் கூடாது. ஏஜெண்டா இருந்துக்கினு இது கூட தெரியல."

ஐயா சொல்லுக்குச் சொல் எழுதினார். "தெரிகிறது" இல்லை, "கூறப்படுகிறது" இல்லை. கடைசியில் தாளை நீட்டினார். அம்மாள் பேனாவைத் தொடவில்லை. "இன்னிக்கி அமாவாச. கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஓட்டுப் போட்டீங்களேம்மா!"

"அது வேற சார், இது வேற. நாளைக்குப் பாட்டிமை, அதுவும் ஆவாது. நாளான்னிக்கு நானே வர்றேன்."

பாட்டிமை என்றால் பிரதமை. எங்கள் பக்கம் அமாவாசைக்கு மறுநாளையும் யாரும் சேர்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் என்மீதான புகாருக்கு விளக்கம் டி.எஸ்.பி. கைக்குப் போயாக வேண்டும். கையெழுத்து இல்லாத வாக்குமூலம் வெறும் காகிதம்.

அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. பெற்ற மகனா, வழியில் போகும் ஏட்டா என்று வந்தால் எந்தத் தாய் ஏட்டைத் தேர்ந்தெடுப்பாள்? நாள் பார்ப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த அம்மாள்மீது எனக்குக் கோபம்கூட வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.  வீட்டில் செல்வி என் பழைய டிராவல் பையை அலமாரியிலிருந்து இறக்கி, தூசி தட்டி, என் சட்டைகளை மடித்து வைத்தாள். பனியன், சீப்பு, மாத்திரை எல்லாம் வைத்துவிட்டு, "வாரா வாரம் வருவியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ராமேஸ்வரத்திலிருந்து வாரா வாரம் எப்படி வருவது? "பாக்கலாம்மா" என்றேன்.

மூன்றாம் நாள் மணி பதினொன்றைத் தாண்டிற்று. ஐயா தாளை மேஜைமேல் வைத்து, அதன்மேல் சிவப்புப் பென்சிலை வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது முரளி. பின்னால் ஆதிலட்சுமம்மா, அரக்குப் பட்டுச்சேலை, தலையில் பூ. என்மேல் புகார் கொடுத்தவரே சாட்சியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தெலுங்கில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஞானமுத்து ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நாட்டையே தீர்மானிக்கிற ஓட்டுக்கு அமாவாசை பரவாயில்ல. ஒரு கையெழுத்துக்கு மூணு நாளா?" என்றார்.

"அது ஒருத்தர வீட்டுக்கு அனுப்பற வேல சார். எந்த நாளானா இன்னா? இது இந்தாள வீட்டோட, பொண்டாட்டி புள்ளைங்களோட இருக்க வெக்கிற வேல. அது நிலைக்கணும் இல்ல? அதுக்கு நாள் பாக்க வேணாமா?"

"இந்த ஆதாரம் போதும்" என்றார் ஐயா. கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டு, உறையில் வைத்து ஒட்டினார். நான் வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். செல்விதான் எடுத்தாள். "அந்தப் பையப் பிரிச்சி எல்லாத்தையும் திருப்பி அலமாரியில வெச்சிடும்மா" என்றேன்.